வருடம் முடியுமுன் அடைக்க முடியாததை வருடக் கடனாக எடுக்காதீர்கள்

மட்டக்களப்பு மாவட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு மாநகர முதல்வருக்கும், காத்தான்குடி, ஏறாவூர் நகரசபைகளின் தவிசாளர்களுக்கும், வாகரையிலிருந்து வெல்லாவெளி வரையுள்ள ஒன்பது பிரதேச சபைகளின் தவிசாளர்களுக்கும், உறுப்பினர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை நீங்கள் தயாரிக்கிற காலம் இது. குப்பை வண்டிக்கும் வடிகானுக்கும் வீதி விளக்குக்கும் பணம் போதாது என்ற பேச்சு ஒவ்வொரு சபையிலும் எழும். "வங்கியில் கொஞ்சம் எடுத்துச் சமாளிப்போம், பிறகு பார்க்கலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்தப் "பிறகு பார்க்கலாம்" பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடனே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. உள்ளூராட்சிக் கணக்குப் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சம்பளத்துக்கும் டீசலுக்கும் மாத்திரமே காசு இருக்கிற மாதங்கள் எப்படிப்பட்டவை என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றைத்தான். குறுங்காலக் கடனை, அதே ஆண்டுக்குள் கட்டாயம் வந்துசேரும் பணத்தைக் கணக்கில் வைத்து மட்டும் எடுங்கள். பத்து வருடம் ஓடவேண்டிய வண்டியையும் இருபது வருடம் நிற்கவேண்டிய வடிகானையும் ஒரு வருடக் கடனில் வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் சபை ஒவ்வொரு வருடமும் தவணை நீடிக்கச் சொல்லி வங்கி வாசலில் நிற்கவேண்டி வரும். வங்கி மறுக்கிற வருடத்தில் ஊருக்குள் வண்டி வராது.

சபைகளுக்குக் காசு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றைச் சபைகளிடம் ஒப்படைக்கிறது. மின்சாரமும் குழாய்நீரும் தேசிய நிறுவனங்களின் கையில் இருப்பதால், நம் மாவட்டத்தில் சபைகளின் தோளில் இருப்பவை குப்பை, வடிகான், வீதி விளக்கு, சந்தை, மலக்கழிவு ஏற்றும் பவுசர், மயானம் போன்றவைதான். கேட்கச் சிறிய பட்டியலாகத் தெரியும். ஆனால் இவற்றில் ஒன்று நான்கு நாள் நின்றாலே ஊர் நாறிவிடும்.

வீடு, கடைகளின் மதிப்பை வைத்துச் சபை அறவிடும் சோலைவரியை முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு. காலாண்டுக்குரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து. அதனால் ஜனவரியில் கருமபீடத்தில் கூட்டம் நிற்கும். வியாபார அனுமதிப் பத்திரக் கட்டணமும் வருடத்தின் முதல் மாதங்களில்தான் சேரும். அதன் பிறகு வரவு மெலியத் தொடங்கும். காணி உறுதி எழுதும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் சபைக்கு உரியவைதான், ஆனால் அவை மாகாணத்தின் ஊடாகச் சுற்றி வரவேண்டும். எந்த மாதம் வரும் என்று எந்தக் கணக்காளராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செலவு உச்சத்துக்குப் போவது நேர்மாறான காலத்தில். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் வடிகான் துப்புரவு, டெங்கு ஒழிப்பு, அரித்துப்போன கிரவல் வீதிகள், வெள்ளம் வடிய முகத்துவாரத்தை வெட்டும் வேலைக்குக் கொடுக்கும் கை என்று எல்லாம் ஒன்றாக வரும். ஜனவரி வரவுக்கு முந்திய அந்த மாதங்களில்தான் கையிருப்பும் ஆகக் குறைந்திருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப எடுக்கிற கடன் நியாயமானது. பெரும்போகத்துக்கு உழவுக் கூலிக்கும் உரத்துக்கும் நகையை அடகு வைக்கிற வேளாண்மைக்காரர் நெல்லை விற்றதும் மீட்டுவிடுகிறார். அறுவடை எந்த மாதம் என்று அவருக்குத் தெரியும், வங்கிக்கும் தெரியும். அதே நகையை அதே தவணைக்கு வைத்து வீடு கட்டத் தொடங்கினால், மீட்பதற்கு எந்த ஒரு போகமும் போதாது. சபைக்கு ஜனவரிச் சோலைவரி ஓர் அறுவடை. கணக்கில் உறுதியாகி இன்னும் கைக்கு வராத முத்திரைத் தீர்வையும் அப்படித்தான். அந்த அளவுக்குள் நின்று கடன் எடுக்கிற சபையை யாரும் குறை சொல்ல முடியாது.

வண்டியை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுத்தான், எந்தச் சபையின் உண்மைக் கணக்கும் இல்லை. குப்பையை அமுக்கி ஏற்றும் வண்டி ஒன்று 2 கோடி ரூபா, வட்டி நூற்றுக்கு 12, வண்டியின் ஆயுள் எட்டு வருடம் என்று வைப்போம். எட்டு வருடக் கடனாக எடுத்தால் ஆண்டுக்கு 40 இலட்சத்துக்குச் சற்று மேல் கட்டவேண்டும். மொத்தம் ஏறத்தாழ 3 கோடி 22 இலட்சம், எட்டாம் வருட முடிவில் கடன் பூச்சியம். ஒரு வருடக் கடனாக எடுத்து, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் புதுப்பித்தால் ஆண்டுக்கு 24 இலட்சம்தான் போகும். பாதீட்டில் பார்க்கும்போது இது இலகுவாகத் தெரிகிறது. ஆனால் எட்டு வருடத்தில் 1 கோடி 92 இலட்சம் வட்டி போன பிறகும் 2 கோடி ரூபாக் கடன் அப்படியே இருக்கும். வண்டி அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அடுத்த வண்டிக்குக் கேட்கும்போது இரண்டு வண்டிக்குரிய கடனோடு நிற்பீர்கள்.

இதுவும் வட்டி மாறாமல் இருந்தால் மட்டும். வங்கிகள் தங்கள் நல்ல வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் குறுங்காலக் கடனின் சராசரி வட்டி 2021 முடிவில் நூற்றுக்கு 9க்கும் குறைவாக இருந்தது. 2022 முடிவில் 27ஐத் தாண்டிவிட்டது. அதே 2 கோடிக்கு முதல் வருடம் 18 இலட்சம் கட்டிய சபை, புதுப்பிக்கும்போது 54 இலட்சம் கட்டவேண்டியிருந்திருக்கும். மேலதிகமான 36 இலட்சம் எங்கிருந்து வரும்? வடிகானிலிருந்தும் தற்காலிகத் தொழிலாளரின் நாட்கூலியிலிருந்தும்தான் அதை வெட்டியிருப்பார்கள். நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரல் 12இல் அறிவித்ததை நாம் எல்லோரும் எரிவாயு வரிசையிலும் எரிபொருள் வரிசையிலும் நின்று அனுபவித்தோம். தவணை வரும்போது புதுக் கடன் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் நடத்திய நிர்வாகம், புதுக் கடன் கிடைக்காத அன்று எப்படி நின்றது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஒரு நகரசபைக்கே இது நடந்ததும் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் தனக்கென்று ஒரு மின்சார நிறுவனத்தை நடத்திவந்தது. அங்கே முன்னைய நிர்வாகம் உள்ளூர் வங்கிகளிடம் குறுங்காலக் கடன்பத்திரங்களில் பணம் எடுத்திருந்தது. சுமார் 15 மில்லியன் டொலர் தவணைக்கு வந்தபோது புதுப்பித்துத் தர வங்கிகள் மறுத்தன. நகரத்தின் மின்சார நிறுவனத்தைப் போட்டித் தனியார் நிறுவனத்துக்கு விற்றால் தவணை நீடிக்கும் என்ற நெருக்குதல் வந்தது. நகர முதல்வர் டெனிஸ் குசினிச் விற்க மறுத்தார். 1978 டிசம்பர் 15 நள்ளிரவில் நகரம் கடன் கட்டத் தவறியதாக ஆனது. பெரும் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய நகரமொன்று அப்படி விழுந்தது அதுவே முதல் தடவை. அடுத்த பெப்ரவரியில் மக்கள் வாக்களித்தார்கள். வருமான வரியை 1 வீதத்திலிருந்து 1.5 வீதமாக உயர்த்தவும், மின்சார நிறுவனத்தை விற்காமல் வைத்திருக்கவும் சம்மதித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் முதல்வர் பதவியை இழந்தார்.

அவர் செய்தது சரியா பிழையா என்று அங்கே இன்னும் வாதாடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. ஒரு பொதுச் சேவையை விற்பதா இல்லையா என்பது மக்களும் அவர்கள் தெரிவு செய்தவர்களும் ஆறுதலாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய விடயம். அது ஒரு தவணைத் தேதியின் கழுத்துப் பிடியில் பேசப்பட்டது. நம் சந்தைக் கட்டடங்களுக்கும் பேருந்து நிலையக் கடைகளுக்கும் வாவிக்கரை நிலத்துண்டுகளுக்கும் நாளை அப்படியொரு பேச்சு வரக்கூடாது என்றுதான் அஞ்சுகிறேன்.

இப்போது, வங்கிப் புத்தகத்தில் இல்லாத கடனுக்கு வருகிறேன். உங்களில் பலர் "எங்கள் சபைக்கு வங்கிக் கடனே இல்லை" என்று சொல்வீர்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் நம் சபைகள் எடுக்கும் பெரிய குறுங்காலக் கடன் கட்டாத பில்களில் இருக்கிறது. நான் வேலை செய்த ஒரு சபையில், மழைக்கு முன் வடிகான் கட்டி முடித்த ஒரு சிறிய ஒப்பந்தக்காரரின் வவுச்சர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து, செயலாளர் கையொப்பமிட்டு, காசோலை மட்டும் எழுதப்படாமல் மாதக்கணக்கில் கோப்பில் கிடந்தது. அவர் கல்லுக்கும் சீமெந்துக்கும் கடையில் கடன், கூலிக்குத் தெரிந்தவரிடம் வட்டிக்குக் கடன் என்று சமாளித்தார். அந்த வட்டியைச் சபை எந்தப் பேரேட்டிலும் எழுதவில்லை. ஆனால் அடுத்த கேள்விப் பத்திரத்தில் அவர் விலையைக் கூட்டிப் போட்டார், மற்றவர்களும் கூட்டிப் போட்டார்கள். சபை வட்டி கட்டத்தான் செய்தது. எவ்வளவு கட்டியது என்று மாத்திரம் ஒருவருக்கும் தெரியாது.

இதைவிட விலை கூடிய கடனும் இருக்கிறது. தற்காலிகத் தொழிலாளருக்கான ஊழியர் சேமலாப நிதியைப் பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, வருடம் கடந்தால் 50 வீதம் வரை ஏறும். எந்த வங்கியும் அந்த விலைக்குக் கடன் கொடுப்பதில்லை. அதுவும் காலை நான்கு மணிக்கு எழுந்து நம் வீட்டுக் குப்பையை ஏற்றுகிறவரின் முதுமைக்காலப் பணம். அதைப் பிடித்துவைத்து டீசல் அடிப்பதை "சமாளிப்பு" என்று எந்தச் சபையும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வேலையில் குறை வந்தால் என்று ஒப்பந்தக்காரரின் பில்லிலிருந்து பிடித்துவைக்கும் தடுப்புப் பணத்தையும் சந்தைக் கடைக்காரர் கட்டிய வைப்புப் பணத்தையும் எடுத்து நாளாந்தச் செலவுக்குப் போடுவதும் இதே வகைதான். திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம் எல்லாமே கடன்.

சரி, நீண்டகாலப் பொருளுக்கு எங்கே போவது? வெளிநாட்டு உதவி வரும் என்று காத்திருப்பது நம் பழக்கமாகிவிட்டது. சுனாமிக்கும் போருக்கும் பிறகு நிறைய வந்தது, நன்றியோடு நினைக்கிறோம். திருப்பெருந்துறைக் குப்பைமேடு தீப்பற்றி எரிந்து மக்கள் வீதிக்கு வந்த நாட்களை மட்டக்களப்பு நகரம் மறக்கவில்லை. பிறகு கொடுவாமடுவில் உதவிப் பணத்தில் அமைந்த குப்பை நிரப்பு நிலையம் பெரிய மூச்சாக இருந்தது. ஆனால் உதவி கொடுப்பவர்கள் கட்டித் தருவார்கள். ஒவ்வொரு நாளும் மண் போட்டு மூட இயந்திரமும் டீசலும், நிரம்பிய பிறகு அடுத்த குழியும் சபைகளின் பொறுப்பு. அந்த நாளுக்கென்று ஒரு தனி நிதியத்தில் வருடா வருடம் கொஞ்சம் போட்டு வருகிறீர்களா என்று ஒவ்வொரு உறுப்பினரும் கேட்கவேண்டும்.

போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அம்பாறைப் பக்கத்துப் பள்ளக்காடு போதும். குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் செத்த செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. எட்டு வருடத்தில் ஏறத்தாழ இருபது யானைகள் என்று எழுதினார்கள். யானை வராமல் அங்கே போட்டிருந்த மின்வேலி 2014இல் இடி விழுந்து பழுதானது, அதன் பின் திருத்தப்படவில்லை என்பதும் அதே செய்தியில் இருந்தது. வேலியைத் திருத்துவது அவசரமான வேலை, ஒரு வருட வரவுக்குள் அடைக்கக்கூடிய செலவு. குறுங்காலக் கடன் இருப்பதே இப்படிப்பட்ட தேவைக்குத்தான். எடுக்கவேண்டிய இடத்தில் எடுக்காமல் விடுவதையும், எடுக்கக்கூடாத இடத்தில் எடுப்பதையும் சேர்த்தே நான் குறை சொல்கிறேன்.

நீண்டகாலக் கடனுக்கு நாட்டில் வழியே இல்லை என்பதும் சரியில்லை. 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் இந்த வேலைக்காகவே இருக்கிறது. அதைவிடப் பெரிய தேவைக்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைப் பாருங்கள். தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்க்காத 13 சிறிய உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் தேவைகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரு கூட்டு நிதியத்தின் பெயரில் 30.41 கோடி இந்திய ரூபாவுக்கு 15 வருடக் கடன்பத்திரம் வெளியிட்டார்கள். ஒரு சபை தவணை தவறினாலும் முதலீட்டாளருக்குப் பணம் போய்ச் சேர ஒதுக்கு நிதியும் மாநில அரசின் கொடுப்பனவிலிருந்து பிடிக்கும் ஏற்பாடும் இருந்தன. கடனின் காலம் குழாயின் ஆயுளுக்கு ஒத்துப்போனது.

நம் மாவட்டத்தில் சபைகள் பன்னிரண்டு. அப்படியே கடன்பத்திரம் வெளியிடுங்கள் என்று நான் சொல்லவில்லை, நம் சட்டமும் சந்தையும் வேறு. ஆனால் கொடுவாமடுவுக்கு அடுத்த குழி, எல்லோருக்கும் பொதுவான ஒரு மண்வாரி இயந்திரம், மலக்கழிவைச் சுத்திகரிக்க ஓர் இடம் போன்றவற்றுக்குப் பன்னிரண்டு சபைகளும் ஒரே விண்ணப்பத்தோடு போகலாம். மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர், ஆரையம்பதி எல்லைகள் ஒரு வீதியின் இரு பக்கமாகக் கிடக்கின்றன. இந்தப் பக்கத்து வடிகான் அடைத்தால் அந்தப் பக்கத்து வீட்டுக்குள்தான் தண்ணீர் போகும். தமிழ்ச் சபை, முஸ்லிம் சபை என்று தனித்தனியே கெஞ்சிக்கொண்டு நிற்பதால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை இத்தனை வருட அனுபவம் காட்டவில்லையா? மாகாண சபை 2017இல் கலைந்த பிறகு தேர்தலே இல்லை. அனுமதிகள் ஆளுநரின் நிர்வாகத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அங்கே பன்னிரண்டு கையொப்பமுள்ள ஒரு கடிதத்துக்கு இருக்கிற கனம் தனிக் கடிதத்துக்கு இல்லை.

சோலைவரி பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பல இடங்களில் பழைய மதிப்பீடே ஓடுகிறது. ஓலை வீடாக இருந்தபோது போட்ட மதிப்பில் இன்று மூன்று மாடிக் கடை வரி கட்டுகிறது. மீள்மதிப்பீடு வாக்கு இழப்பைத் தரும் என்று நீங்கள் பயப்படுவது விளங்குகிறது. ஆனால் வரவைத் திருத்தாமல் கடனால் ஓட்டுகிற ஒவ்வொரு வருடமும், கட்டவேண்டியவர் கட்டாத பணத்துக்குக் கட்டுகிறவர் வட்டியும் சேர்த்துக் கட்டுகிறார்.

2025 மே மாதத் தேர்தலில் நாங்கள் வாக்களித்து உங்களை அனுப்பினோம். அதற்கு முன் 2023 மார்ச்சிலிருந்து தெரிவான உறுப்பினர் எவரும் இல்லாமல் ஆணையாளர்களும் செயலாளர்களும் சபைகளை நடத்தினார்கள். அந்தக் காலத்தில் சேர்ந்த கடன் எவ்வளவு, கட்டாத பில் எவ்வளவு என்பதை நீங்கள் முதலில் கண்டறிந்து சொல்லவேண்டும். பழையவரின் கடன் என்று ஒதுக்கிவிட முடியாது. கிளீவ்லாந்தில் விழுந்ததும் பழையவரின் கடன்தான்.

ஆகவே நான் கேட்பது இவை. வங்கி மேலதிகப் பற்று, அதாவது கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலான பணம், எடுக்கும் சபை, எந்த வரவை நம்பி எடுக்கிறது, அது எந்த மாதம் வரும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதட்டும். வருடத்தில் ஒரு மாதமாவது அந்தக் கணக்கு பூச்சியத்துக்கு வரட்டும். வராவிட்டால் அது குறுங்காலக் கடன் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று சபை ஒப்புக்கொண்டு, தவணை முறையில் அடைக்கும் திட்டம் ஒன்றைப் போடட்டும். ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் வருமானச் செலவு அறிக்கையோடு, கட்டாத பில்களின் பட்டியலும் எத்தனை நாளாகக் கிடக்கின்றன என்பதும் மேசைக்கு வரட்டும். சேமலாப நிதி நிலுவை அந்தப் பட்டியலின் முதல் வரியில் இருக்கட்டும்.

உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். கணக்கு விளங்கவில்லை என்று கூச்சப்பட்டுக் கை உயர்த்தி விடாதீர்கள். "இதை எந்தப் பணத்தில் அடைப்போம், எப்போது அடைப்போம்?" என்று கேட்டால் போதும். விடை கிடைக்கும்வரை வாக்களிக்க வேண்டாம். கணக்காளரும் உங்களை மதிப்பார். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கணக்குப் பிரிவு உத்தியோகத்தர் பலரை எனக்குத் தெரியும்.

பாதீட்டு வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, நடப்பு டிசம்பர் 31இல் சபை யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டியிருக்கும் என்ற ஒரு தாளையும் சேர்த்து அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டாத சபைகளுக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பம் கொடுப்பேன். பன்னிரண்டுக்கும் கொடுப்பேன். தகவல் உத்தியோகத்தர்கள் பதினான்கு வேலைநாளுக்குள் முடிவைத் தெரிவிக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
கல்லடியில் வசிக்கும் வரியிறுப்பாளன்,
ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவு உத்தியோகத்தன்